மாவின் மறைந்த கணவர்

அந்த ஊரில் அந்த மாதம் யாரும் யாரையும் பார்த்து "சௌக்கியமா?" என்று கேட்கவில்லை. "வயிறு என்ன சொல்லுச்சு?" என்றுதான் கேட்டார்கள். கேட்கப்பட்டவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்ல மாதிரியாத்தான் பேசிச்சு. அடுத்த வருஷம் பதவி உயர்வு உண்டாம்" என்று தொப்பையைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார். வயிற்றுக்கு வாய் முளைத்துவிட்ட காலம் அது.

எல்லாம் கடைத்தெருக் கோடியில், மூடிப்போன செருப்புக்கடையின் மாடிக்கு வந்து சேர்ந்த ஒரு மகானின் கருணை. பலகையில் 'குடலொலியார்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'முகம் பொய் சொல்லும். வயிறு பொய் சொல்லாது.' அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரவும்.'

முறை மிக எளிது. வந்தவர் திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் படுக்க வேண்டும். அவர் வயிற்றின் மேல் ஒரு புனலை வைப்பார்கள். புனலிலிருந்து ஒரு ரப்பர் குழாய் திரையின் ஓட்டை வழியாக இந்தப் பக்கம் வரும். இந்தப் பக்கம் பட்டு விரித்த நாற்காலியில் குடலொலியார் குழாயின் நுனியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய்தான் அது. பொன்வண்ணம் பூசியதும் அதற்கு ஞானம் வந்துவிட்டது.

"உங்கள் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. உங்கள் உடம்பு, உங்கள் மனசு, இரண்டிலும் அவைகளுக்குப் பங்கு உண்டு. அவை பேசுகின்றன. எனக்குக் கேட்கிறது!" என்பார் குடலொலியார். இதில் முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மை. அதில்தான் சூட்சுமமே இருந்தது. பாலில் தண்ணீர் கலக்கிறவன்கூடக் கொஞ்சம் பால் வாங்கித்தானே ஆக வேண்டும்!

முகத்தையே பார்க்காமல் ஆளின் முழு வரலாற்றையும் சொல்லிவிடுகிறாரே என்று ஊர் வாய்பிளந்து நின்றது. வங்கி மேலாளர் வந்தார், துணிக்கடை முதலாளி வந்தார். கணக்கு வாத்தியார் மகளுக்கு வந்த மாப்பிள்ளையையே கையோடு கூட்டிவந்து, பெஞ்சில் படுக்கவைத்து, வயிற்றைக் கேட்டு நிச்சயம் செய்தார். எல்லாரும் திரும்பும்போது 'உயிர்த்துளி' என்ற புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. புட்டி அழகாக இருந்தது.

இந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் சேரவில்லை. அவள் ரொட்டிக்கடைக்காரி. சேரவில்லை என்றால், அறிவாளி என்பதால் அல்ல, நேரமில்லை என்பதால். விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைந்து, தொட்டியில் ஈரத்துணி போர்த்தி, அது உப்பி எழும்வரை காத்திருந்து, அடுப்பில் வைத்து எடுப்பதற்குள் ஊர் வாசலில் வந்து நிற்கும். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாவு பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கத் தொட்டியின் மேல் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே ஈஸ்ட் வேலை செய்கிற சத்தம் மெல்லக் கேட்கும். "என்னடா தங்கம், எந்திரிச்சிட்டியா?" என்று அதோடு பேசவும் செய்வாள்.

அவள் கணவன் பஸ் கண்டக்டர். அவன் பஸ்ஸில் ஏறியவர்கள் சிரித்துச் சிரித்து இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதன் கொஞ்ச நாளாக நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்றான். பிறகு சாப்பாட்டைத் தள்ளிவைத்தான். பிறகு சிரிப்பையும் தள்ளிவைத்துவிட்டான். "டிக்கெட்... டிக்கெட்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகிற கண்டக்டரைப் பார்த்துப் பயணிகளுக்கே பயம் வந்துவிட்டது.

ரொட்டிக்கடைக்காரி அவனை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். சோதனை செய்து பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்:

"இரைப்பையில புண்ணு. ஒரு கெட்ட கிருமி உக்காந்துக்கிட்டுப் பண்ற வேலை. மாத்திரை எழுதித் தர்றேன், நடுவுல நிறுத்தவே கூடாது. மனசு சரியில்லன்னு சொல்றாரே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கலாம். வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் போக்குவரத்து உண்டு."

"பஸ்ஸு மாதிரியா டாக்டர்?" என்று கண்டக்டர் கேட்டான். கேட்டுவிட்டு அவனே சிரிக்கவில்லை.

மாத்திரை பாதி ஓடியிருக்கும். அப்போதுதான் அவன் அண்ணன் நுழைந்தார். அண்ணனுக்குக் குடலொலியார் என்றால் உயிர். அவர் தம்பியைத் தள்ளிக்கொண்டு போனார். குழாயைக் காதில் வைத்த குடலொலியார் அலறிவிட்டாராம்: "ஐயோ, கொலை! மாத்திரை என்ற பெயரில் உன் வயிற்றுக் குடிமக்களைக் கொன்று குவிக்கிறாய்! நிறுத்து! இன்னொன்று, உன் வீட்டு ரொட்டி உன் குடிமக்களுக்கு ஆகவில்லை. ரொட்டி வாசனையே ஆகவில்லை. கொஞ்ச நாள் விலகி இரு!"

அன்று மாலையே கண்டக்டர் ஒரு பையில் இரண்டு சட்டையையும் உயிர்த்துளியையும் போட்டுக்கொண்டு, அடுத்த தெருவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் குடிபோய்விட்டான். மாத்திரை அலமாரியிலேயே கிடந்தது.

ரொட்டிக்கடைக்காரிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஊருக்கே ரொட்டி போட்டவள். ஒருத்தர் வயிறுகூட அவளைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. கட்டிய கணவன் வயிறு இப்படிக் காலை வாரிவிட்டதே! டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பாதியில விட்டா அந்தக் கிருமி இன்னும் பிடிவாதமாயிடும்மா. புண்ணு ஆழமாப் போய் ரத்தம் கசிய ஆரம்பிச்சா உயிருக்கே ஆபத்து. எப்படியாவது அவரைத் திரும்ப மாத்திரை சாப்பிட வையுங்க."

அவள் அங்கிருந்து நேராகச் செருப்புக்கடை மாடிக்குப் போனாள். குடலொலியாரின் குழாயைப் பிடுங்கி அவர் கழுத்திலேயே சுற்றுவது என்பதுதான் திட்டம். ஆனால் மகானைப் பார்ப்பதற்கும் வரிசை என்று ஒன்று இருக்கிறது. வரிசையில் உட்கார்ந்தாள்.

அங்கே ஓர் அம்மாள் எல்லாருக்கும் வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தார். குடல் பேசுவதற்கு முன் அதைச் சூடாக்க வேண்டுமாம். ஊரே அவரை வெந்நீர் அக்கா என்று கூப்பிட்டது. ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, முதுகைத் தடவி, அன்பாக இரண்டு வார்த்தை கேட்பார். அவ்வளவு அன்பை வீட்டில் யாரும் காட்டாததால் வந்தவர்கள் கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

"என்ன கண்ணு, முகமெல்லாம் வாடியிருக்கு? வீட்டுக்காரர் வரலையா?"

'வீட்டுக்காரரைத்தான் உங்க ஆளு பிரிச்சு அனுப்பிட்டாரே' என்ற சொல் தொண்டைவரை வந்தது. சொன்னால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் அவசரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னாள். "அவர் இல்லக்கா. தவறிட்டாரு."

"ஐயோ! எப்ப கண்ணு?"

"மூணு வருஷமாச்சு."

"பிள்ளைங்க?"

"ஒரு பையன். வெளிநாட்டுல இருக்கான். போன்கூடப் பண்றதில்ல. நாத்தனாரோட நிலத் தகராறு வேற இழுத்துக்கிட்டே கிடக்கு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அவளுக்கு இருப்பது ஒரே மகள்; பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நாத்தனாரே கிடையாது. நிலம் என்று அவள் கண்டதெல்லாம் கடை வாசலில் இருக்கிற பூந்தொட்டி மண்தான்.

முறை வந்தது. அவளைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் புனலை வைத்துவிட்டு, வெந்நீர் அக்கா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் போனார். தொண்டை நனைக்கக் குடலொலியாரிடம் அதைக் கொடுத்தார். கொடுக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவர் காதோரம் ஏதோ முணுமுணுத்தார். அது மந்திரம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு ஆளுக்கும் வேறு வேறு மந்திரம் என்பதும் தெரியும். ஏன் வேறு வேறு என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

"ஆ! கேட்கிறது!" என்றார் குடலொலியார். "துணையை இழந்த வயிறு! மூன்று ஆண்டுத் துயரம்! கடல் கடந்த பிள்ளையின் மௌனம்! நிலம்... நிலத்தில் ஒரு பெண்ணின் பகை!"

ரொட்டிக்கடைக்காரி பெஞ்சில் படுத்தபடியே பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை முந்தானையைக் கடித்து அடக்கினாள். வயிறு குலுங்கியது. "பார், உன் குடிமக்கள் விம்மி அழுகிறார்கள்!" என்றார் குடலொலியார்.

சண்டை போட வந்ததையே மறந்து ஓட்டமாக அண்ணன் வீட்டுக்குப் போனாள். கண்டக்டர் ஒரு கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள்.

"என்னங்க, நான் சொன்ன பொய்யை அப்படியே எனக்கே திருப்பிச் சொல்றாருங்க அந்த ஆளு! எல்லாம் அந்த வெந்நீர்க்காரம்மா வேலை. எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

கண்டக்டர் நிதானமாக யோசித்தான். "நீ பொய் சொன்னே. உன் வயிறு அதைக் கேட்டு நம்பிடுச்சு. அதுதானே அவர்கிட்டச் சொல்லியிருக்கு. இதுல அவர் தப்பு என்ன?"

அவன் பழையபடி கேலி பேசுகிறான் என்று நினைத்து ஒரு கணம் அவள் பூரித்தே போனாள். அவன் முகத்தைப் பார்த்ததும் பூரிப்பு வடிந்துவிட்டது. மனுஷன் நிஜமாகவே சொல்லியிருக்கிறான்.

அண்ணனும் கூடத்திலிருந்து, "வயிறு பொய் சொல்லாதும்மா" என்று அருள்வாக்கு கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் அவள் மாவைப் பிசையவில்லை, அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒருவர் பெயர் சொன்னாள். அண்ணனுக்கு இரண்டு அடி. அடித்து முடித்துத் துணி போர்த்திவிட்டு ஓரமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பழக்க தோஷம், தொட்டியின் மேல் காதை வைத்தாள்.

ப்ளக். புஸ்ஸ்ஸ். ப்ளக்... ப்ளக்.

அன்று தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது, மாவு வழக்கத்தைவிட வாயாடியது. "உனக்கு என்ன கஷ்டம்? உனக்கும் நாத்தனார் தகராறா?" என்று கேட்டாள். கேட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். அழுத கண்ணோடு சிரிக்கத் தொடங்கினாள். வாசலில் ரொட்டிக்கு வந்து நின்றவர்கள், பாவம், இவளுக்கும் குடலில் ஏதோ கோளாறு என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரக் கடைசியில்தான் 'மகா குடலொலி' நடப்பதாக இருந்தது. பெரிய மண்டபம், மேடை, ஒலிபெருக்கி. குழாய் நுனியில் மைக் கட்டி, வயிறு பேசுவதை ஊரே கேட்கப்போகிறது என்று சுவரெல்லாம் நோட்டீஸ். வருகிறவர்களுக்கு பன் கொடுக்க மண்டபத்துக்காரர் ரொட்டிக்கடையில்தான் சொல்லியிருந்தார். ஒரு கண்டக்டரின் வயிற்றுக்கு ஆகாத கை, ஊர் முழுவதின் வயிற்றுக்கும் ஆகும் போலிருக்கிறது. அவள் மறுக்கவில்லை. பன் தட்டுகளை மேடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் இறக்கினாள். கூடவே, துணி போர்த்திய ஒரு பெரிய தொட்டியையும் இறக்கினாள். டாக்டரம்மாவிடம் முன்பே பேசியிருந்தாள். டாக்டரம்மா முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "மாவை நல்லாத் தளர்த்தியாப் பிசைஞ்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. கடைசி வரிசையில் கண்டக்டரும் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் நெஞ்சுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டிருந்தான்.

"யார் வேண்டுமானாலும் வரலாம்! நான் முகம் பார்ப்பதில்லை! பெயர் கேட்பதில்லை!" என்று குடலொலியார் முழங்கினார்.

முன்வரிசையிலிருந்து டாக்டரம்மா எழுந்தார். "சாமி, ஒரு சின்ன வேண்டுகோள். இன்னிக்கு அக்கா மேடையிலேயே இருக்கட்டும். புனலை வர்றவங்களே வச்சுக்கட்டும். திரைக்குப் பின்னாடி வேற யாரும் வேண்டாம். நீங்கதான் வயித்தை மட்டும் கேக்கறீங்களே, உங்களுக்கு என்ன கஷ்டம்?"

கூட்டம் கைதட்டியது. குடலொலியார் ஓரக்கண்ணால் வெந்நீர் அக்காவைப் பார்த்தார். அதற்குள் சால்வையால் தலையை மூடிக்கொண்டு ஒரு பெண் மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். அன்று மாடியில் அவளுக்கு வெந்நீர் கொடுத்த அக்காவுக்கு முகம் ஞாபகம் வந்துவிட்டது. அட, நம்ம நாத்தனார் தகராறுக்காரி! அக்கா புன்னகைத்தார். அக்கா புன்னகைத்ததால் குடலொலியாரும் புன்னகைத்தார். "தாராளமாக!" என்றார்.

ரொட்டிக்கடைக்காரி திரைக்குப் பின்னால் போனாள். அங்கே பெஞ்சின் மேல், படுக்கை விரிப்பு போர்த்திக்கொண்டு, அவளுக்கு முன்பே ஒருவர் தயாராக இருந்தார். மண்டபத்துப் புழுக்கத்தில் நன்றாக உப்பியிருந்தார். அவள் விரிப்பை விலக்கிப் புனலை அவர் மேல் மெல்ல வைத்தாள். 'பேசுடா தங்கம். உன்னைத்தான் நம்பியிருக்கேன்.'

அந்தப் பக்கம் வெந்நீர் அக்கா டம்ளரை நீட்டி மந்திரம் முணுமுணுத்தார்.

ப்ளக். புஸ்ஸ்ஸ்ஸ். ப்ளக். ப்ளக். ஒலிபெருக்கி மண்டபத்தையே நிறைத்தது. கூட்டம் சிலிர்த்தது. வங்கி மேலாளர் கைகூப்பிவிட்டார்.

"ஆஹா!" என்றார் குடலொலியார். "என் வாழ்நாளில் இப்படி ஒரு வயிற்றைக் கேட்டதில்லை! தெளிவு! வளம்! ஆனால் ஆழ்ந்த சோகம். இந்த வயிறு தன் கணவரை இழந்து மூன்று ஆண்டாகிறது. வெளிநாட்டில் ஒரு மகன், தாயை மறந்துவிட்டான். நாத்தனாரோடு நிலத் தகராறு. ஓயாத தலைவலி. எந்த மாத்திரையும் இந்த வயிற்றுக்குள் போகக் கூடாது. நெருப்புப் பக்கம் போகவே கூடாது. போனால் உருவமே மாறிவிடும்!"

அன்று அவர் சொன்னதில் இந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான் பின்னால் பலித்தது.

"எவ்வளவு சரியாச் சொல்றாரு பாரு!" என்று அண்ணன் கண்டக்டரின் தொடையில் தட்டினார்.

"அந்தம்மாவை நாங்க பாக்கலாமா?" என்றார் டாக்டரம்மா.

ரொட்டிக்கடைக்காரி திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். பெஞ்சின் மேல் மாவுத் தொட்டி. வளமும் சோகமும் தாங்காமல் மாவு விளிம்பைத் தாண்டி வழிந்து, பெஞ்சில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுமத்தியில் புனல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவள் சால்வையை விலக்கிக் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "பாதிக்கப்பட்டவங்க இவங்கதாங்க" என்றாள்.

மண்டபத்தில் சத்தமே இல்லை. ஒலிபெருக்கி மட்டும் 'ப்ளக்' என்றது.

குடலொலியார் லேசுப்பட்டவர் அல்ல. எழுந்து இரண்டு கையையும் விரித்தார். "பார்த்தீர்களா! மாவுக்குள்ளும் நுண்ணுயிர்! அதன் குரலும் எனக்குக் கேட்டுவிட்டது! என்னைச் சோதிக்க வந்தவர்களே என் பெருமையை ஊருக்குக் காட்டிவிட்டார்கள்!"

நம்பமாட்டீர்கள். கூட்டம் தலையாட்டியது. "அதானே! மாவுலயும் உயிர் இருக்கே!" என்றார் கணக்கு வாத்தியார். வங்கி மேலாளர் இறக்கிய கையை மறுபடி கூப்பினார். ரொட்டிக்கடைக்காரிக்கு உயிரே போய்விட்டது. இதற்கு மேல் என்ன செய்வது? தொட்டியைத் தூக்கி இவர்கள் தலையில் கவிழ்ப்பதா?

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல். ஆனால் பஸ்ஸின் முன்படிக்கும் பின்படிக்கும் கேட்டுப் பழகிய குரல்.

"சாமி, ஒரு சந்தேகம். மாவுல உயிர் இருக்குங்கறது சரி. அதோட புருஷன் மூணு வருஷம் முன்னாடி செத்தான்னீங்களே, அது யாரு? சர்க்கரையா, உப்பா?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"வெளிநாட்டுல இருக்கற மகன் என்ன பண்றான் சாமி? பிஸ்கட்டா இருக்கானா? போன் பண்ணாததுக்குக் காரணம் இருக்கு பாருங்க, பாக்கெட்டைப் பிரிச்சாத்தானே வெளியே வருவான்!"

மண்டபம் இடிந்து விழுவது போலச் சிரிப்பு கிளம்பியது. கண்டக்டர் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தான், நெரிசல் பஸ்ஸில் நடந்து பழகிய கால்களோடு. "நாத்தனார் யாருன்னு எனக்குத் தெரியும். பன்னு. நிலம் எதுன்னுதான் தெரியல. அடுப்புல இடம் பிடிக்கற தகராறா?" மேடைக்குக் கீழே வந்து நின்று மனைவியை நிமிர்ந்து பார்த்தான். "அது கிடக்கட்டும். இந்தம்மாவோட புருஷன் நான்தான். நான் எப்ப செத்தேன்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அழ நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருப்பேன்!"

ரொட்டிக்கடைக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்குக் குடலொலியார் தோற்றது பெரிதாகப் படவில்லை. மனுஷன் கேலி பேசிவிட்டான்! அலமாரிக்குள் பூட்டிவைத்த குரல் வெளியே வந்துவிட்டது! அது போதும் அவளுக்கு.

டாக்டரம்மா மேடை ஏறி வெந்நீர் அக்காவிடம் மைக்கை நீட்டினார். "அக்கா, சாமி காதுல சொன்னீங்களே ஒரு மந்திரம், அதை எங்களுக்கும் சொல்லுங்க."

அக்கா குடலொலியாரைப் பார்த்தார். குடலொலியார் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பெருமூச்சு விட்டார். "புருஷன் இல்ல, மூணு வருஷம். பையன் வெளிநாடு. நாத்தனார் நிலம். இதான் மந்திரம். நான் கேட்டுச் சொல்றேன், அவர் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றாரு. வெந்நீர் தூக்கித் தூக்கி என் தோள்பட்டை போச்சு, பேரு மட்டும் அவருக்கு!"

ஒவ்வொருவரும் தாங்கள் அக்காவிடம் கொட்டியதை நினைத்துப் பார்த்தார்கள். கணக்கு வாத்தியாரின் மாப்பிள்ளை எழுந்து, "நான் சிகரெட்டை விட்டுட்டேன்னு அக்காகிட்டதான் சொன்னேன். வயித்துக்கிட்ட சொல்லவே இல்ல" என்றான். வாத்தியார் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரிக்கும் சட்டென்று ஒன்று உறைத்தது. அவள் மேடை ஓரத்துக்கு வந்தாள்.

"என்னங்க, அப்போ என் ரொட்டி ஆகலைன்னு சொன்னது?"

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான் அக்காகிட்டச் சொன்னேன். வீடு பூரா ரொட்டி வாசனை, இவ மாவுகிட்டப் பேசற நேரத்துல பாதியாவது என்கிட்டப் பேசக்கூடாதான்னு..."

"மாவு எதுத்துப் பேசாதுங்க."

"இன்னிக்குப் பேசிச்சே! ஊரே கேட்டுச்சே!"

இருவரும் சிரித்தார்கள். கோபம் அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள். அவன் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

டாக்டரம்மா மைக்கை வாங்கிக்கொண்டார். "வயித்துக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கறது நிஜம். செரிக்க உதவுது, நோயைத் தடுக்க உதவுது. மனசுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குன்னு ஆராய்ச்சி நடக்குது. எவ்வளவுன்னு இன்னும் முழுசாத் தெரியல. தெரியாததைத் தெரியலன்னுதான் சொல்லணும். ஆனா அதுங்க பேசாது. நீங்க கேக்கற சத்தம் காத்தும் தண்ணியும் நகர்ற சத்தம். காய்கறி, பருப்பு, பழம், தயிர் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க, நடங்க. உடம்புக்கு வந்தா காட்டுங்க. மாத்திரை கொடுத்தா முடிங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று கூட்டத்தில் யாரோ ஏமாற்றத்தோடு கேட்டார்கள். உண்மைக்குப் பொன்வண்ணம் பூசாவிட்டால் இதுதான் சங்கடம்.

இந்தப் பேச்சு நடக்கும்போதே குடலொலியார் மேடைக்குப் பின்புறமாக நழுவிவிட்டார். போகிற அவசரத்தில் பெஞ்சில் கையை ஊன்றியதால், மாவு முழங்கைவரை ஒட்டிக்கொண்டு அவரோடு போனது. தெருவில் அவரைப் பிடிக்க ஓடியவர்களுக்கு அடையாளம் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உயிர்த்துளிப் புட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். வெந்நீர் ஆறிப்போய் இருந்தது.

மிச்ச மாவை ரொட்டிக்கடைக்காரி வீணாக்கவில்லை. அடுப்பில் வைத்து எடுத்தாள். உருவம் மாறித்தான் போனது. மகா குடலொலிக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சோகமான விதவையை ஆளுக்கு ஒரு துண்டாகச் சாப்பிட்டுவிட்டு, அருமை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் துண்டு அண்ணனுக்கு. அவர் தலை நிமிராமல் மென்றார்.

கண்டக்டர் வீடு திரும்பினான். டாக்டரம்மா மறுபடி சோதித்து, புதிதாக மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்த முறை ஒன்றுகூடத் தவறவில்லை. புண் ஆறியதும் முழுசாகப் பழைய ஆளானான். பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம், "என் வயித்துக்குள்ளயும் ஒரு பஸ் ஓடுது. சீசன் பாஸ் வச்சிருக்கற நல்லவங்க கோடிப் பேரு. டிக்கெட் எடுக்காத ஒருத்தன் ஏறி சீட்டைக் கிழிச்சுட்டான். மாத்திரை கொடுத்து இறக்கிவிட்டேன்" என்று கதை சொன்னான். பயணிகள் மறுபடியும் நிறுத்தத்தைத் தவறவிடத் தொடங்கினார்கள். பொன்வண்ணக் குழாய் ரொட்டிக்கடை வாசலில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறது. ஞானம் போனாலும் ஓட்டை இல்லாத நல்ல குழாய்.

போன வாரம் ஒரு பயணி செய்தி கொண்டுவந்தார். நான்கு ஊர் தள்ளி முழங்காலொலியார் என்று ஒருவர் வந்திருக்கிறாராம். முட்டியில் புனலை வைத்துக் கேட்டு, எதிர்காலம் சொல்கிறாராம். என்ன கூட்டம், என்ன கூட்டம்! வரிசையில் நம் கணக்கு வாத்தியாரைக்கூடப் பார்த்தாராம்.

வயிற்றுக்குள் இருக்கிற அந்தக் கோடி உயிர்கள் கண்ணுக்குத் தெரியாதவை. யாரும் சொல்லாமல், யாரும் கும்பிடாமல், இரவும் பகலும் வேலை பார்க்கின்றன. தலைக்குள் இருப்பதோ அத்தனை பெரியது. அதற்கு மட்டும் ஏன் ஐயா, வருஷம் முழுவதும் விடுமுறை?